மணலில் எழுதிய சட்டாம்பிள்ளை: எழும்பூரிலிருந்து ஈசிஆர் வரை வகுப்பறைக் கருவிகளின் கதை

போன மாசம் ஆபீஸ்ல ஒரு மெயில் வந்துச்சு. கம்பெனியோட சமூகப் பொறுப்பு நிதியில கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கு, நிதியாண்டு முடியறதுக்குள்ள செலவு பண்ணணும், ஒரு அரசுப் பள்ளிக்கு ஏதாவது தொழில்நுட்பக் கருவி வாங்கிக் குடுக்கலாம், யாருக்காவது பள்ளி தெரியுமான்னு கேட்டிருந்தாங்க. நான் கையைத் தூக்கிட்டேன். எங்க சித்தி மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவுல, கடலோரத்துல ஒரு நடுநிலைப் பள்ளியில டீச்சர். உடனே அடுத்த மெயில்: "என்ன வாங்கலாம்னு ஒரே ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க."

அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. காரணம், நான் ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பள்ளிக்குத் தொழில்நுட்பம் குடுத்துச் சொதப்பினவன். இரண்டாவது தடவையும் சொதப்பக் கூடாதுன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிச்சது 230 வருஷம் பின்னாடி, எழும்பூர்ல ஒரு அநாதை விடுதி வரைக்கும் கொண்டுபோய் விட்டுச்சு. இன்னிக்கு எபிசோடு அந்தப் பயணம்தான்.

முதல்ல என் சொதப்பல்

2020 ஜூன். ஊரடங்கு. நான் ஓஎம்ஆர் ஆபீஸை விட்டுட்டு செங்கல்பட்டு வீட்ல உட்கார்ந்து வேலை பார்த்துட்டு இருந்தேன். சித்தி போன் பண்ணாங்க. "டேய், பள்ளிக்கூடம் எப்போ திறக்கும்னே தெரியல. பிள்ளைங்க எல்லாத்தையும் மறந்துடும். நீதான் கம்ப்யூட்டர்ல என்னென்னமோ பண்றியே, ஏதாவது பண்ணு."

ரெண்டு வார இறுதி உட்கார்ந்து ஒரு ஆப் எழுதினேன். கணக்குக் கேள்வி வரும், நாலு விடை இருக்கும், தட்டினா சரியா தப்பான்னு சொல்லும். டீச்சருக்குத் தனியா ஒரு டேஷ்போர்டு. எந்தப் பிள்ளை எத்தனை நிமிஷம் இருந்துச்சு, எத்தனை தப்பு பண்ணுச்சுன்னு கலர் கலரா கிராஃப். சத்தியமா சொல்றேன், அந்த கிராஃபைப் பார்த்து நானே சொக்கிப் போயிருந்தேன்.

முதல் வாரம் வகுப்புல மூணுல ஒரு பங்கு பிள்ளைங்க உள்ள வந்தாங்க. ரெண்டாவது வாரம் கை விரல்ல எண்ணிடலாம். மூணாவது வாரம் நாலே பேர். நெட் ஸ்லோவா இருக்கும், ஆப் சைஸ் பெருசோன்னு நான் கோடைக் குடைஞ்சுட்டு இருந்தேன். சித்திதான் ஒரு அம்மாகிட்ட போனைக் குடுத்து என்னோட பேச வச்சாங்க. அவங்க சொன்ன ஒரு வாக்கியத்துல என் மூணு வாரக் குழப்பம் முடிஞ்சுது: "தம்பி, வீட்ல ஒரே போன். அது விடியக்காலம் மூணு மணிக்கே அவங்க அப்பாவோட கடலுக்குப் போயிடுது."

படகு கரைக்கு வரும்போது மீன் விலை கேக்கறதுக்கு அந்த போன் வேணும். மத்தியானம் அவர் தூங்கும்போது போன் சார்ஜ்ல இருக்கும். சாயங்காலம் அண்ணன் எடுத்துக்குவான். மூணாங்கிளாஸ் பொண்ணுக்கு வரிசையில கடைசி இடம். இதை எந்த டேஷ்போர்டும் எனக்குக் காட்டல. அதுல வெறும் "ஆக்டிவ் இல்லை"ன்னுதான் இருந்துச்சு.

சித்தி என் ஆப்பை ஓரமா வச்சுட்டு வேற ஒண்ணு பண்ணாங்க. அந்தத் தெருவுல ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பொண்ணுங்க நாலு பேரைப் பிடிச்சாங்க. ஆளுக்கு அஞ்சாறு சின்னப் பிள்ளைங்க. வலை பின்ற கொட்டகைப் பக்கத்துல, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, தினமும் ஒரு மணி நேரம். கடை திறக்கல, நோட்டு இல்ல. அதனால மணல். விரலால எழுது, தப்புன்னா கையால தடவு, திரும்ப எழுது.

"என்ன சித்தி, கற்காலத்துக்குப் போயிட்டீங்க"ன்னு சிரிச்சேன். சித்தி சொன்னாங்க: "கற்காலம் இல்லடா. உன் கொள்ளுத்தாத்தா படிச்ச திண்ணைப் பள்ளிக்கூடம் இப்படித்தான். மணலும் சட்டாம்பிள்ளையும். இதைத்தான் வெள்ளக்காரன் பார்த்துட்டுப் போய் ஊரெல்லாம் வித்தான்."

கடைசி வாக்கியத்தை நான் நம்பல. தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் உண்மைதான்.

எழும்பூரில் ஒரு பாதிரியார்

ஆண்ட்ரூ பெல். 1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர். 1787-ல் மதராஸ் வந்தார். 1789-ல் எழும்பூரில், இப்போ ரயில் நிலையம் இருக்கிற பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கியது. மிலிட்டரி மேல் ஆர்ஃபன் அசைலம் என்று பெயர். பிள்ளைகளில் பலருக்கு அப்பா வெள்ளைக்காரர், அம்மா இந்தியப் பெண். பெல் அதன் மேற்பார்வையாளர் ஆனார்.

அவருக்கு இருந்த பிரச்சினை இன்றைய தலைமை ஆசிரியர்களுக்கும் பழகிய பிரச்சினைதான். பிள்ளைகள் நிறைய, ஆசிரியர்கள் குறைவு, இருக்கிற ஆசிரியர்களுக்கும் ஆர்வம் இல்லை. ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். தாள் வேண்டாம், மை வேண்டாம், தப்பு பண்ணினால் யாருக்கும் நஷ்டம் இல்லை. இதுதான் வழி என்று அவருக்குத் தோன்றியது.

திரும்பி வந்து, அகர வரிசை வகுப்பை மணலில் நடத்தச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முடியாது, சரிவராது என்றார்கள். புதுக் கருவியை மேலிடம் திணித்தால் ஸ்டாஃப் ரூம் எப்படி நடந்துகொள்ளும் என்பது 230 வருஷமாக மாறவே இல்லை பாருங்க. பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். அவன் ஒரு சாதாரண சிப்பாயின் மகன். அவன் நடத்திக் காட்டினான். பிறகு வேறு வகுப்புகளும் அவன் பொறுப்பில் வந்தன. மற்ற பையன்களும் அவனைப் போலப் பயிற்சி பெற்றார்கள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அங்கே முழுப் பள்ளியின் அமைப்பாகவே ஆனது.

நம்ம ஊர்ல அந்தத் தெரிந்த பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்துச்சு: சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் வாத்தியார் வருவதற்கு முன் வந்து, சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து, முதல் நாள் பாடத்தை ஒப்பிக்க வைப்பது அவன் வேலை. இப்பவும் வீட்ல அதிகாரம் பண்ற அக்காவை "பெரிய சட்டாம்பிள்ளை"ன்னு சொல்றோமே, அந்த வார்த்தை இங்கிருந்து வந்ததுதான். பெல் மணலை எங்கிருந்து எடுத்தார் என்பதில் சந்தேகமில்லை, அவரே சொல்லியிருக்கிறார். சட்டாம்பிள்ளையையும் சேர்த்தே எடுத்தாரா, தானாகவே கண்டுபிடித்தாரா என்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள்.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். 1797-ல் லண்டனில் மதராஸ் பரிசோதனையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறக்குறைய இதே முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி வந்தார். யார் முதலில் என்று ரெண்டு பேருக்கும் ஆதரவாளர்கள் சண்டை போட்டார்கள். சண்டையிலேயே முறை பரவியது. 1811-ல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பாக நேஷனல் சொசைட்டி தொடங்கி, பெல் முறையில் நாடு முழுக்கப் பள்ளிகள் நடத்தியது. லங்காஸ்டர் முறை நியூயார்க் போனது. 1820-களில் லங்காஸ்டரே வெனிசுவேலாவின் கராகஸ் வரைக்கும் போனார். பெல்லின் சொந்த ஊரில் அவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கு இன்றும் பெயர் மெட்ராஸ் காலேஜ். அதாவது, நம்ம ஊர்த் திண்ணையிலிருந்து கிளம்பிய ஒரு வகுப்பறைக் கருவி பாதி உலகத்தைச் சுற்றிவிட்டது.

பெருமைக்கு ஒரு பிரேக்

இதோடு எபிசோடை முடிச்சா வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஆயிடும். "தமிழன்டா"ன்னு போட்டு அனுப்பலாம். ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது.

ஒண்ணு, இங்கிலாந்தில் அந்த முறைக்கு என்ன ஆச்சு என்பது. நம்ம திண்ணைப் பள்ளி சின்னது. அங்கே போனதும் அது தொழிற்சாலை ஆகிவிட்டது. ஒரே ஆசிரியர் 1,000 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்று லங்காஸ்டர் சொன்னார். கவிஞர் கோல்ரிட்ஜ் அந்த முறையைப் புகழும்போது நீராவி எஞ்சினுக்கு ஒப்பிட்டார். பணம் கொடுக்கிறவர்களுக்கு இதில் ரொம்பப் பிடித்த அம்சம் செலவு குறைவு என்பதுதான். ஒரு சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆனால் பாதி தெரிந்த பையன் ஒன்றும் தெரியாத பையனுக்கு, யோசிக்க இடமே இல்லாமல், மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் உட்கார்ந்து ஒப்பிக்க வைத்தால் எவ்வளவு படிப்பு ஏறும்? 1846-ல் பிரிட்டிஷ் அரசு வழி மாறியது. கொஞ்சம் பெரிய மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஐந்து ஆண்டு முறையாக ஆசிரியர் பயிற்சி தரும் திட்டம் வந்தது. மணலும் சட்டாம்பிள்ளையும் ஆசிரியருக்குத் துணையாக வந்த கருவி. ஆசிரியருக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தியபோது அது தோற்றது.

ரெண்டாவது, இங்கே அந்தத் திண்ணை யாருக்கு என்பது. 1822-ல் மதராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ எல்லா கலெக்டர்களுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். உங்கள் ஜில்லாவில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், ஆணா பெண்ணா, எந்தச் சாதி. ஒரு எக்செல் ஷீட்தான், ஆனா மையில. மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சுமார் 15 பேர். அப்போது மதராஸ் நகரத்தைச் சுற்றி இருந்த செங்கல்பட்டு ஜில்லாவில் மட்டும் 508 பள்ளிகள். அதன் மக்கள்தொகை 3,63,000 சொச்சம். ஏறக்குறைய 700 பேருக்கு ஒரு பள்ளி. 1983-ல் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்துப் புத்தகமாக்கிய பிறகுதான் நிறையப் பேருக்கு இது தெரிய வந்தது.

ஆனால் அதே பட்டியல்களில் பெண் பிள்ளைகள் மிக மிகக் குறைவு. தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. மணல் இலவசம், திண்ணை இலவசம் இல்லை. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த ஜில்லாவின் தலித் மக்களுடைய வறுமையைப் பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே, அது அந்த அறிக்கையின் விளைவு. மன்றோ கணக்கெடுத்து ஏறக்குறைய 70 வருஷத்துக்கு அப்புறமும் இங்கே நிலைமை அதுதான்.

மன்றோவின் அந்த டேட்டாவால் திண்ணை வாத்தியாருக்கு என்ன கிடைத்தது? 1826-ல் அரசுப் பள்ளிகளுக்கு அவர் ஒரு திட்டம் போட்டார். 1827-ல் காலராவில் இறந்துபோனார். தொடங்கிய சில பள்ளிகளும் 1836-ல் கைவிடப்பட்டன. கீழேயிருந்து மேலே டேட்டா போச்சு, மேலேயிருந்து கீழே ஒண்ணும் வரல. இதைப் படிக்கும்போது என் டேஷ்போர்டு ஞாபகம் வந்து கொஞ்சம் கூசிப் போச்சு.

அட்டைப் பெட்டியில் ஒரு சாஃப்ட்வேர்

இனி நம்ம காலத்துக்கு வருவோம். 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்று ஒரு திட்டம் தொடங்கி, பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. முதல் கட்டத்தில் நாடு முழுக்கவே 248 பள்ளிகள். கடைசி பெஞ்சு வரைக்கும் வர அதுக்கு வழியே இல்லை.

ஆனால் தமிழ்நாட்டில் வகுப்பறையைத் தலைகீழாகத் திருப்பிய ஒரு கருவிக்குக் கரண்டே தேவைப்படவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவான முறை அது. பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிப்பார்கள். சுவரில் ஏணிப் படம். ஒரு பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்த அட்டையை எடுத்துக்கொள்ளும், முடித்தால் அடுத்த படி. சில அட்டைகளுக்கு டீச்சர் உதவி, சிலவற்றுக்குக் கூடப் படிக்கும் பிள்ளைகள் உதவி, சிலது தனியாக. 2007-ல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

நான் சாஃப்ட்வேர்காரன், அதனால சொல்றேன்: ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வேகத்தில் பாடம் என்று இன்று ஸ்டார்ட்அப்கள் விற்கிறார்களே, அது இங்கே அட்டைப் பெட்டியில் ஏற்கெனவே இருந்துச்சு. சித்தி கிட்டக் கேட்டா அதன் குறையையும் சொல்வாங்க: "அட்டை கிழிஞ்சா புதுசு வராது. அடுக்கி வைக்கவே பாதி நேரம் போயிடும்." ரெண்டும் உண்மை.

2018-ல் புதிய பாடப் புத்தகங்கள் வந்தன. பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தை மாற்றியமைத்தது. பக்கத்துப் பக்கம் கியூஆர் கோடு. ஸ்கேன் பண்ணினால் 2017-ல் தொடங்கிய தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி. புத்தகம் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கு, ஆகவே கருவிக்கான கதவு கையிலேயே இருக்கு. நல்ல யோசனை. திறக்கிற சாவி மட்டும் அப்பா பாக்கெட்டில், கடலில்.

2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டு பள்ளிகள் மூடியபோது அதுதான் பல வீடுகளுக்குப் பள்ளி. டிவி கடலுக்குப் போகாது, அது ஒரு பலம். ஆனா டிவி கிட்ட "மிஸ், திரும்பச் சொல்லுங்க"ன்னு கேக்க முடியாது.

அளந்து பார்த்தபோது

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் பள்ளிகள் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27-ல், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. இதே ஈசிஆர் ரோட்டில் இன்னும் தெற்கே போனால் வரும் ஊர். உள்ளூரில் படித்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு, சாயங்காலம் தெருவிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஃபோட்டோக்களைப் பார்த்ததும் எனக்கு வலை பின்ற கொட்டகை ஞாபகம் வந்துச்சு. சித்தி நாலு பொண்ணுங்களை வச்சுப் பண்ணதை ஒரு மாநிலமே பண்ணுச்சு.

இது வேலை செய்ததா? அதிர்ஷ்டவசமாக யாரோ அளந்திருக்கிறார்கள். அபிஜித் சிங், மொரிசியோ ரொமெரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கிராமப்புறத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணக்கிலும் தமிழிலும் பெரிய அளவில் பின்தங்கியிருந்தார்கள், கணக்கில் இன்னும் மோசம். ஆனால் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டார்கள். மிச்சப் பெரும்பகுதி? பள்ளி திறந்ததால், டீச்சர் எதிரில் நின்றதால்.

இந்த எண்களை நான் ரெண்டு தடவை படிச்சேன். என்னை மாதிரி ஆளுங்க எழுதின எதுவும் அந்தக் கணக்கில் முன்னால வரல.

கருவியே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. நான் 2015-ல் பிளஸ் டூ முடிச்சேன். அரசு குடுத்த இலவச லேப்டாப்லதான் முதல் புரோகிராம் எழுதினேன். அது இல்லைன்னா இன்னிக்கு இந்த மைக் முன்னாடி நான் இல்ல. அந்த லேப்டாப் என் கையில, என் வீட்ல இருந்துச்சு. யாரையும் கேக்காம உடைச்சு, ரிப்பேர் பண்ணி, திரும்ப உடைக்கலாம். எனக்கு அது மணல் மாதிரி.

அதனால எந்தக் கருவியைப் பார்த்தாலும் கேக்க மூணு கேள்வி வச்சிருக்கேன். எனக்குள்ள இதுக்கு மணல் டெஸ்ட்னு பேர்.

ஒண்ணு: வகுப்புல கடைசி வரிசைப் பிள்ளைக்கும் இது எட்டுமா?

ரெண்டு: தப்பு பண்ணினா சத்தமில்லாம அழிக்க முடியுமா? மாமல்லபுரத்துச் சிற்பி ஒரு உளி தப்பா வச்சா கல் போச்சு. படிக்கிற பிள்ளை கல்லுல எழுதக் கூடாது. ஒவ்வொரு தப்பும் எங்கேயோ ஒரு சர்வர்ல பதிவாகி மேலே போகுதுன்னா, பிள்ளையும் தப்பு பண்ணப் பயப்படும், டீச்சரும் பயப்படுவாங்க.

மூணு: இது டீச்சருக்கு நேரம் குடுக்குதா, டீச்சர்கிட்டருந்து நேரம் எடுக்குதா? எமிஸ் தளத்துல விவரம் ஏத்தறதுலருந்து விடுவிக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் போராடியிருக்கு. கணக்கெடுப்பு வேண்டாம்னு யாரும் சொல்லல. பாடம் நடத்துற கையால அதைப் பண்ணச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றாங்க. ஆன்லைன்ல இருக்கிற எல்லாமே "ஆசிரியர்களுக்கான கருவி"ன்னுதான் தன்னைச் சொல்லிக்கும். சிலது நிஜத்துல ஆபீஸுக்கான கருவி, டீச்சர் அதுக்கு டைப்பிஸ்ட்.

இந்த டெஸ்ட்ல தேறினதைச் சொல்றேன், டீச்சர்கள் யாராவது கேட்டா குறிச்சுக்கலாம்.

பிளிக்கர்ஸ். பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாங்களோ அது ஏ, பி, சி, டி விடை. டீச்சர் தன்னோட போன் கேமராவை வகுப்பு மேல ஒரு சுத்து சுத்தினா யார் என்ன விடை சொன்னாங்கன்னு தெரிஞ்சுடும். பக்கத்துல இருக்கிற பிள்ளைக்குத் தெரியாது. கை தூக்கவே கூச்சப்படுற பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

ஃபெட். நோபல் பரிசு வாங்கின இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்துல தொடங்கினது. மின்சுற்று, பின்னம், ஒளிவிலகல்னு அசைச்சுப் பார்க்கிற மாதிரி அறிவியல், கணக்கு விளையாட்டுகள். நிறைய தமிழ்ல இருக்கு. ஒரு தடவை இறக்கி வச்சுக்கிட்டா நெட் இல்லாமலே ஓடும். பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போகலாம்.

ஜியோஜீப்ரா. 2001-ல் ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர்ங்கிற மாணவர் முதுகலை ஆய்வுக்காக எழுதினது. வடிவியல் பாடத்துக்கு இதைவிட நல்லது நான் பார்க்கல. இதுவும் ஆஃப்லைன்.

கடைசியா, தமிழ்க் குரல் தட்டச்சு. கேள்வித்தாள் அடிக்கிறது நம்ம டீச்சர்களுக்கு ஒரு தனிக் கொடுமை. 1999-ல் தமிழ்99 விசைப்பலகையை அரசு தரமாக அறிவிச்சுது, 2010-ல் யூனிகோடை ஏத்துக்கிச்சு. அப்படியும் ஒரு கம்ப்யூட்டர்ல அடிச்சது இன்னொண்ணுல கட்டம் கட்டமா வர்ற கதை ஸ்டாஃப் ரூம்ல ரொம்ப நாள் தொடர்ந்துச்சு. 2017-ல் கூகுள் தமிழ்ல பேசி எழுத வழி பண்ணின அப்புறம், சித்தி பாத்திரம் கழுவிக்கிட்டே கேள்வித்தாள் சொல்றாங்க. போன் எழுதுது. பிழை திருத்தம் மட்டும் அவங்க. இப்போ ஏஐ கிட்டயும் கேள்வி தயாரிக்கச் சொல்றாங்க. "பத்துக்கு நாலு தேறும்டா, ஆனா அந்த நாலு நான் யோசிக்காதது"ன்னு சொன்னாங்க.

அந்த ஒரு பக்கம்

கம்பெனியில எல்லாரும் எதிர்பார்த்தது சுவர் முழுக்க ஒரு பெரிய தொடுதிரை. ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும், ரிப்பன் வெட்டலாம். நான் சித்தியைக் கேட்டேன். அவங்க யோசிக்கவே இல்ல. "நல்ல பிரிண்டர் ஒண்ணு. வருஷத்துக்குக் காணற பேப்பரும் மையும். அட்டையை லேமினேட் பண்ற மெஷின். சின்ன புரொஜெக்டர், உன் பழைய லேப்டாப் போதும். அப்புறம், சாயங்காலம் வந்து பிள்ளைங்களைப் பார்த்துக்கிற பொண்ணுங்க ரெண்டு பேருக்கு ஏதாவது குடுக்க முடியுமா பாரு."

முதல் நாலையும் உடனே ஒத்துக்கிட்டாங்க. அஞ்சாவதுக்கு மெயில் வந்துச்சு: நிதியைப் பொருளாத்தான் குடுக்க முடியும், ஆளுக்குக் குடுக்க வழி இல்லை. நான் விடல. மதராஸ்ல கிளம்பி லண்டன்ல தோத்த அந்த முறையை ரெண்டு பத்தியா எழுதி அனுப்பினேன். மணலை வாங்கிட்டு வாத்தியாரை மறந்தவங்க கதைன்னு தலைப்பு போட்டேன். மேனேஜர் சிரிச்சிருப்பார்னு நினைக்கிறேன். அடுத்த மீட்டிங்ல பேசலாம்னு சொல்லியிருக்கார். இந்த எபிசோடு பதிவாகும்போது அந்த மீட்டிங் இன்னும் நடக்கல.

அந்த நாலு பொண்ணுங்களைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். கொட்டகையில சட்டாம்பிள்ளையா இருந்தவங்க. ஒருத்தி இப்போ டீச்சர் டிரெய்னிங் படிக்கிறா. சித்தி இதை என்கிட்ட சொல்லும்போது, ஆறு வருஷமா திறக்காத என் ஆப் என் போன்லயே ஒரு மூலையில இருந்துச்சு. அன்னிக்கு அழிச்சுட்டேன்.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் நிஜமாவே தினம் பயன்படுத்துற கருவி எதுன்னு கேட்டுட்டு எனக்கு எழுதுங்க. சாக்பீஸா இருந்தாலும் பரவாயில்ல. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.